திறவுகோல் யார் கையில்?

(பொன்விழா ஆயத்தக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொன்விழா நினைவாகக் கெபி கட்டலாம், கொடிமரத்தைப் புதுப்பிக்கலாம் என்று பலரும் ஆலோசனை சொன்னீர்கள். அவற்றோடு நம் பேரவை எடுத்த மற்றொரு முடிவு, பங்குப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது. நல்ல முடிவு. பிழைப்புக்காக ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போன நம் பிள்ளைகள், திருமணம் என்றால் திருமுழுக்குச் சான்றுக்காக ஒரு நாள் கூலியை விட்டு இங்கே வரவேண்டியிருக்கிறது. கரையான் அரித்த ஏடுகளும், மை மங்கிய பக்கங்களும் எல்லாப் பங்குகளுக்கும் பொதுவான கவலை. ஆகவே கணினி வேண்டும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் எந்த மென்பொருள், என்ன விலை என்று கேட்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உள்ளே இருப்பதை யார் பார்க்கலாம்? யார் எழுதலாம்? யார் திருத்தலாம்? இதைத் தீர்மானிக்காமல் பெட்டியைத் திறப்பது, வீட்டைக் கட்டிவிட்டுக் கதவு வைக்க மறந்ததற்குச் சமம்.

பதிவேடு வைக்கும் பழக்கம் திருச்சபைக்குப் புதிதல்ல. 1563-ஆம் ஆண்டு திரிதெந்தின் பொதுச்சங்கம், பங்குக் குரு திருமண ஏட்டை எழுதிப் பாதுகாக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், மக்கள் நிலை, இறப்பு என ஐந்து ஏடுகளுக்கும் மாதிரி கொடுத்தது. நம் தருமபுரி மறைமாவட்டம் 1997-இல் உருவானது. அதற்கு முன் நாம் 1930-இல் தோன்றிய சேலம் மறைமாவட்டத்தில் இருந்தோம். மறைமாவட்டங்கள் மாறின, ஆயர்கள் மாறினார்கள், பங்குத் தந்தையர் எத்தனையோ பேர் வந்து போனார்கள். ஏடுகள் மட்டும் நிலைத்து நிற்கின்றன.

அந்த ஏடுகளில் என்ன இருக்கிறது? வெறும் பெயரும் தேதியுமா? இல்லை. தந்தையின் பெயர் எழுதப்படாத குழந்தை அதில் இருக்கிறது. தத்தெடுக்கப்பட்ட பிள்ளை இருக்கிறது. வேற்று மதத்தவரை மணக்கப் பெற்ற விதிவிலக்கும், செல்லாதது என்று தீர்ப்பான திருமணமும் இருக்கின்றன. ஒரு மனிதன் தன் சொந்த அண்ணனிடம்கூடச் சொல்லாததைத் திருச்சபையை நம்பி எழுத்தில் விட்டுச் சென்றிருக்கிறான். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதுதான் நம் பொறுப்பு.

திருச்சபைச் சட்டம் இதை நன்றாக அறிந்திருக்கிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் பிரிவு, பங்கு ஏடுகள் அந்நியர் கைக்குப் போகாதபடி பங்குத் தந்தை காக்க வேண்டும் என்கிறது. ஆயர் விசாரணைக்கு வரும்போது அவற்றைப் பார்வையிட வேண்டும் என்றும் சொல்கிறது. மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தின் திறவுகோல் ஆயரிடமும் செயலரிடமும் மட்டுமே இருக்க வேண்டும் என்பது 487-ஆம் பிரிவு. இரகசியக் காப்பகம் என்று ஒன்று தனியே உண்டு. அதன் சாவி ஆயர் ஒருவரிடம் மட்டுமே. கடுமையான காரணத்துக்காக இரகசியமாக நடத்திவைக்கப்படும் திருமணம் பங்கு ஏட்டில் ஏறுவதே இல்லை. இரகசியக் காப்பகத்தின் தனி ஏட்டில்தான் ஏறும். அதே 487-ஆம் பிரிவு மற்றொன்றும் சொல்கிறது: தன் நிலையைப் பற்றிய பொது ஆவணத்தின் நகலைப் பெற அவரவருக்கு உரிமை உண்டு. ஊரார்க்குப் பூட்டு, உரியவர்க்குத் திறப்பு. கணினி வருமுன்பே திருச்சபை வகுத்த ஒழுங்கு இது.

எழுதும் உரிமையையும் கவனியுங்கள். நம் பங்கில் திருமுழுக்குப் பெற்ற பெண் பெங்களூரில் திருமணம் செய்துகொண்டால், அங்குள்ள குரு நம் ஏட்டில் தாமே எழுதுவதில்லை. நமக்கு அறிவிக்கிறார், இங்குள்ள பங்குத் தந்தை ஓரக் குறிப்பு எழுதுகிறார். செய்தி எங்கிருந்தும் வரலாம். எழுதும் கை ஒன்றே.

இப்போது சிலர் கேட்கிறார்கள்: "சாமி, நம்ம கோயில்ல மறைக்க என்ன இருக்கு? பேரவை உறுப்பினர் எல்லாரும் எல்லாத்தையும் பார்த்தா என்ன?" நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கணக்கு வேறு, மனிதர் வேறு. பங்கின் வரவு செலவை மக்களுக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. திருவிழா வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்பதை ஒவ்வொரு பைசாவும் தெரிய அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். ஆனால் எந்த விதவைத் தாய் எத்தனை மாதம் சந்தா பாக்கி வைத்திருக்கிறார் என்பது பொருளாளருக்கும் பங்குத் தந்தைக்கும் மட்டும் தெரிய வேண்டியது. அது டீக்கடைக்குப் போனால் அந்தத் தாய் அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு வரமாட்டார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது நாமறிந்த பழமொழிதானே?

இன்னும் கனமான காரணம் உண்டு. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியினர்க்குரிய சலுகை, கிறிஸ்தவரான தலித் மக்களுக்கு இன்றும் இல்லை. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கிடைத்தது, நமக்குக் கிடைக்கவில்லை. 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கொன்றில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டிருந்தார். குழந்தையாயிருந்தபோது அவர் பெற்ற திருமுழுக்கு அங்கே சான்றாக ஆராயப்பட்டது. சான்றிதழ் மறுக்கப்பட்டது சரியே என்று முடிவாயிற்று. ஏட்டின் ஒரு வரி எவ்வளவு கனமானது என்று பாருங்கள்! உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. நீதிமன்றம் முறைப்படி கேட்டால், ஆயரகத்தின் வழியாக உள்ளதை உள்ளபடி கொடுப்போம். ஆனால் முறைப்படி கொடுப்பது வேறு. வரப்புத் தகராறில் பகைகொண்ட ஒருவர் கைக்கு அந்தப் பக்கம் செல்போன் படமாகப் போய்ச் சேர்வது வேறு.

நாட்டின் சட்டமும் இப்போது இதைக் கேட்கிறது. தனிமனிதனின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. அவை படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தாளில் மட்டும் இருப்பதை அச்சட்டம் தொடாது. கணினியில் ஏற்றினால் தொடும். யார் பார்க்கலாம் என்ற வரம்பும், யார் பார்த்தார் என்ற குறிப்பும் வைக்க வேண்டும் என்கின்றன விதிகள். 18 வயது நிறையாதவர்களின் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பாதுகாப்பில் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய்.

ஆகவே பேரவையின் முன் சில யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, பார்வை என்பது மரியாதை அல்ல, வேலை. யாருக்கு எந்த வேலையோ, அதற்கு வேண்டிய அளவே திறக்க வேண்டும். பொருளாளர் கணக்கைப் பார்ப்பார். திருமுழுக்கு ஏடு அவருக்குத் திறக்காது. அன்பியப் பொறுப்பாளர் தம் அன்பியக் குடும்பங்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் பார்ப்பார். பக்கத்து அன்பியம் தெரியாது. மறைக்கல்வி ஆசிரியைக்கு, புதுநன்மை வாங்கப்போகும் குழந்தை திருமுழுக்குப் பெற்றதா என்பதற்கு "ஆம்" என்ற ஒரு சொல் போதும். தந்தை பெயர் உண்டா இல்லையா என்பது வேண்டாம். தணிக்கை செய்பவர் பார்க்கலாம், எழுத முடியாது.

இரண்டாவது, பணத்தில் ஒருவர் பதிவு செய்தால் மற்றொருவர் ஒப்புதல் தர வேண்டும். அது சந்தேகத்தினால் அல்ல. நேர்மையாளரைப் பழியிலிருந்து காப்பதற்காக.

மூன்றாவது, ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. ஐந்து பேர் ஒரே பாஸ்வேர்டைப் பகிர்ந்தால் கணினியின் குறிப்பில் "அலுவலகம்" என்றுதான் இருக்கும். ஏதேனும் கசிந்தால் குற்றவாளி தப்புவார். நான்கு நிரபராதிகள் தலைகுனிவார்கள். அதை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், மேசைக் கண்ணாடிக்கடியில் எழுதி வைப்பதும் கூடாது.

நான்காவது, பதவி முடிந்த நாளிலேயே சாவியும் திரும்ப வேண்டும். எசாயா ஆகமத்தின் 22-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். அரண்மனைப் பொறுப்பிலிருந்து செபுனா நீக்கப்படுகிறான். தாவீது குடும்பத்தின் திறவுகோல் எலியாக்கிமின் தோளில் வைக்கப்படுகிறது. திறவுகோல் ஆளுக்குச் சொந்தமல்ல, பொறுப்புக்குச் சொந்தம். பேரவையின் காலம் முடிந்தாலும், பங்குத் தந்தையாகிய எனக்கு மாற்றல் வந்தாலும் இதே விதிதான். என் பெயரை அன்றே எடுத்துவிடுங்கள், நான் வருத்தப்படமாட்டேன்.

ஐந்தாவது, பதிவேட்டில் அழிக்கும் உரிமை எனக்கும் வேண்டாம். பிழை இருந்தால் ஆயரகத்தின் எழுத்து அனுமதியோடு, பழையதும் தெரியும்படி திருத்துவோம்.

ஆறாவது, மென்பொருள் விற்பவரை மறக்க வேண்டாம். பழுது பார்க்க அவருக்கும் உள்ளே வழி உண்டு. பலரும் கவனிக்காத பெரிய சாவி அதுவே. வேலை நடக்கும் அன்று திறந்து, முடிந்ததும் பூட்ட வேண்டும். நம் விவரம் எந்த இடத்தில் சேமிக்கப்படுகிறது, ஒப்பந்தம் முடிந்தால் அது என்னாகும் என்று எழுதி வாங்க வேண்டும்.

ஏழாவது, தேவையில்லாததை எழுதவே வேண்டாம். ஆதார் எண் நமக்கு எதற்கு? நோய் விவரம் எதற்கு? ஒப்புரவு அருட்சாதனத்துக்கு ஏடே கிடையாது என்பதை எண்ணிப் பாருங்கள். எழுதாமல் விடுவதைப்போல் உறுதியான பூட்டு வேறில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒவ்வொரு குடும்பமும் தன் பதிவைப் பார்க்கவும், பெயரிலோ தேதியிலோ பிழையிருந்தால் திருத்தக் கேட்கவும் வாரம் ஒரு நாள் ஒதுக்குவோம். மூன்று மாதத்துக்கொரு முறை, யார் யாருக்கு எது திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பேரவை பார்க்கட்டும். பட்டியலைப் பார்ப்பது போதும். உள்ளிருப்பதைப் பார்க்க வேண்டியதில்லை.

அன்பார்ந்தவர்களே, தொடக்கத் திருச்சபையில் பந்தி விசாரிக்கும் வேலைக்கு எழுவரைத் தேர்ந்தபோது, நற்சான்று பெற்றவர்களையே தேடினார்கள். வேலை சிறிதானாலும் நம்பிக்கை பெரிது. கணினியின் முன் உட்காரப்போகும் நம் இளைஞர்களுக்கும் அதையே சொல்கிறேன். உங்களுக்கு வேலை தெரியும் என்பதற்காக மட்டும் உங்களை அழைக்கவில்லை. பார்த்ததைப் பேசாமல் இருப்பீர்கள் என்று நம்பி அழைக்கிறோம்.

ஐம்பது ஆண்டுகள் இந்தப் பங்கைக் காத்து நடத்திய இறைவன், நம் பெயர்களையெல்லாம் தம் உள்ளங்கையில் காப்பாராக. அந்தப் பெயர்களை ஒருவருக்கொருவர் காக்கும் மனத்தையும் நமக்கு அருள்வாராக. ஆமென்.