பாய்மரப் படகில் பூனை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே விரியும் பழவேற்காடு ஏரி, 1806-இல் எண்ணூருக்கும் சென்னைக்கும் இடையே வெட்டத் தொடங்கப்பட்டு, வடக்கே நீண்டு, 1876–78 பஞ்ச காலத்தில் ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்ற கால்வாயோடு இணைந்தது. சரக்கேற்றிய படகுகள் காற்று வாய்த்தால் பாய் விரித்தும், வாய்க்காதபோது கரையில் நடந்தோர் கயிறு கட்டி இழுக்கவும் அதில் சென்றன.

இதே பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரரின் காலத்துப் பாய்மரக் கப்பல்களில், தானியத்தையும் கயிற்றையும் எலிகள் கடித்து அழிக்காதிருக்கப் பூனை வளர்ப்பது பரவலான வழக்கமாக இருந்தது. அவ்வகைப் பூனைகளுள் புகழ்பெற்றது, ஆஸ்திரேலியாவைச் சுற்றிவந்து வரைபடம் தீட்டிய மாத்யூ ஃபிளிண்டர்ஸின் டிரிம். 1799-இல் கப்பலிலேயே பிறந்த அது, குட்டியாக இருக்கையில் கடலில் விழுந்தபோது நீந்திவந்து, வீசப்பட்ட கயிற்றைப் பற்றி மேலேறியதாக ஃபிளிண்டர்ஸே எழுதிவைத்தார்.

இன்று பாய்மரப் படகையே வீடாக்கி நாடுநாடாகச் செல்லும் தம்பதியருள் சிலர், எலிக்காக அன்றித் துணைக்காகவே பூனை வளர்க்கின்றனர். மேல்தளத்தின் விளிம்புக் கம்பிகளில் வலை கட்டுவதும், நீரில் விழுந்தால் நகம் பதித்து ஏறக் கயிற்றையோ துணியையோ தொங்கவிடுவதும் அவர்களது முன்னேற்பாடுகள். கடலைவிடக் கரைதான் இப்பயணத்தில் கடினமானது எனலாம்: வெறிநாய்க்கடி நோய் நுழையாதிருக்க, தொற்றுத்தடைக் காப்பு எனப்படும் தனிமைப்படுத்தும் விதிகளை ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் கடுமையாக நடைமுறைப்படுத்துவதால், தம்பதியர் ஊர் சுற்றிவரும்போதும் பூனை படகைவிட்டு இறங்க இயலாது.