பத்திரிகைப் படங்களில் பட்சபாதம்

கட்கியின் படைக்கலத் தொழிற்சாலையையும் இரயில் பாதையையும் நம்பித் தெற்கேயிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, பூனாவை அடுத்த போபோடியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. மழைக்காலத்தில் மூளா நதி பெருகினால் ஆற்றோரக் குடிசைகளின் படங்கள் பத்திரிகைகளில் வெளிவருவது வழக்கம். முழங்கால் நீரில் நிற்கும் ஒரு பெண்; தலையில் பாத்திரம்; கீழே ஒரு வரிக் குறிப்பு. அதைக் காணும்போது, "நம்மவரை இந்தக் கோலத்தில் மட்டுந்தானா இவர்களுக்குக் காட்டத் தெரியும்?" என்று நம்மிற் சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமாகவும் இருக்கலாம். வெறும் மனத்தாங்கலாகவும் இருக்கலாம். ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்ததில் இனபேதம் உண்டா, இல்லையா என்று எவ்வாறு தீர்மானிப்பது? அதைப் பற்றியே இன்று சிறிது ஆராய்வோம்.

தமிழர்க்கு இது பழைய வழக்கு. 1876 முதல் 1878 வரை நம் முன்னோரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை, மதராஸ் இராணுவத்தைச் சேர்ந்த ஹூப்பர் என்னும் அதிகாரி படமெடுத்தார். எலும்பும் தோலுமான மக்களைக் கூட்டங் கூட்டமாக உட்கார வைத்து எடுத்த படங்கள் அவை. படங்கள் பொய்யல்ல, பஞ்சம் மெய்யே. ஆயினும் அவற்றில் ஒருவருக்கேனும் பெயரில்லை, ஊரில்லை. அருங்காட்சியகத்தில் பொருள்களை அடுக்கிவைப்பதுபோல் மனிதர் அடுக்கப்பட்டிருக்கின்றனர். உண்மையைக் காட்டும் படமும் ஓரவஞ்சனையுடையதாக இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அண்மைக் கால வழக்குகளுக்கு வருவோம். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை வெள்ளத்தில் மூழ்கடித்தது. அப்போது இரு படங்கள் உலகெங்கும் பேசப்பட்டன. இரண்டிலும் மார்பளவு நீரில் மக்கள் உணவுப் பொருள்களோடு செல்கின்றனர். கறுப்பின இளைஞர் 'கடையைக் கொள்ளையிட்ட பின்' செல்வதாக ஒரு குறிப்பு கூறிற்று. வெள்ளையர் இருவர் கடையிலிருந்து ரொட்டியைக் 'கண்டெடுத்துச்' செல்வதாக மற்றொரு குறிப்பு கூறிற்று. பலருக்கு அந்த இரு சொற்களே போதுமானவையாயின.

ஆனால் நீதிபதி அவ்வளவு விரைவில் தீர்ப்பெழுத மாட்டார். அவ்விரு படங்களையும் எடுத்தவர்கள் வெவ்வேறு நிறுவனத்தார். முதலாவது அசோசியேட்டட் பிரஸ், இரண்டாவது பிரெஞ்சுச் செய்தி நிறுவனத்தின் வழியாக வந்தது. பொருள்கள் கடையிலிருந்து வெளியே மிதந்து வந்ததைத் தாம் கண்டதாக இரண்டாம் படத்தை எடுத்தவர் விளக்கமளித்தார். ஆகவே ஒரே கை இரு தராசு பிடித்தது என்று இங்கே சொல்வதற்கில்லை. இரு படங்களை மட்டும் பக்கத்திற் பக்கம் வைத்துக் குற்றம் சாட்டுவது எளிது. அந்த வாரம் முழுவதும் எத்தனை முறை, எந்த நிறத்தாருக்கு அச்சொல் வழங்கப்பட்டது என்று எண்ணிப் பார்ப்பதே முறையான விசாரணை.

ஒப்பிடும் பொருள் ஒன்றாகவே இருந்தால் வழக்கு வேறாகிறது. 1994 ஜூனில் ஓ. ஜே. சிம்ப்சன் என்னும் கறுப்பின விளையாட்டு வீரர் கொலைக் குற்றத்திற்காகக் கைதானார். போலீசார் எடுத்த ஒரே படத்தை இரு வாரப் பத்திரிகைகள் அட்டையில் இட்டன. 'நியூஸ்வீக்' உள்ளபடியே வெளியிட்டது. 'டைம்' அவர் முகத்தை மேலும் கருமையாக்கி வெளியிட்டது. கண்டனம் எழுந்தது, ஆசிரியர் வருத்தந் தெரிவித்தார். இனத்துவேஷம் தம் நோக்கமன்று என்றார். இருக்கலாம். ஆனால் கருமை கூடினால் குற்றமும் கூடித் தோன்றும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பெண் பார்க்கும் படலத்தில் நிறத்தைப் பற்றி நம் வீடுகளில் பேசப்படும் பேச்சைக் கேட்டவர்க்கு விடை தெரியும்.

நோக்கத்தையும் விளைவையும் பிரித்துப் பார்க்க மற்றொரு சம்பவம் உதவும். 2020 ஜனவரியில் தாவோஸ் நகரில் பருவநிலை மாற்றத்திற்காகப் போராடும் ஐந்து இளம்பெண்கள் ஒன்றாக நின்றனர். நால்வர் வெள்ளையர், ஐந்தாமவர் உகாண்டாவைச் சேர்ந்த வனெசா நகாட்டே. அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்ட படத்தில் நால்வரே இருந்தனர். ஓரத்தில் நின்றவரின் பின்னால் ஒரு கட்டடம் கண்ணை உறுத்தியதால் அவசரத்தில் வெட்டப்பட்டது என்பது விளக்கம். கட்டடத்தை நீக்கப் போய் ஆப்பிரிக்கக் கண்டமே நீங்கிற்று! பின்னர் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. வெட்டியவர் மனத்தில் துவேஷம் இருந்திருக்க வேண்டியதில்லை. யார் இல்லாவிட்டாலும் படம் முழுமையாகவே இருக்கிறது என்று கண் பழகியிருந்ததே கோளாறு.

நம் நாட்டைப் பற்றியும் இதே வாதம் எழுந்தது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா நோயால் மாண்டோரின் சிதைகள் எரியும் படங்களை அயல்நாட்டுப் பத்திரிகைகள் முதற் பக்கத்தில் வெளியிட்டன. "வெள்ளையர் பிணங்களை இப்படிக் காட்டினார்களா?" என்று நம்மவர் கொதித்தனர். ஓரளவு காட்டினார்கள் என்பதே உண்மை. 2020 மார்ச்சில் இத்தாலியின் பெர்காமோ நகரிலிருந்து சவப்பெட்டிகளை ஏற்றிச் சென்ற இராணுவ லாரிகளையும், ஏப்ரலில் நியூயார்க்கின் ஹார்ட் தீவில் பெட்டிகள் வரிசையாகப் புதைக்கப்பட்டதையும் உலகம் கண்டது. மேலும், டெல்லிச் சுடுகாட்டின் மிகப் பிரசித்தமான படங்களை எடுத்தவர் இந்தியரான தானிஷ் சித்திக்கி. ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் அவரும் அவருடைய தோழர் மூவரும் அப்பணிக்காக 2022இல் புலிட்சர் பரிசு பெற்றனர்; அதற்கு முன்பே, 2021 ஜூலையில், ஆப்கானிஸ்தானத்தில் சித்திக்கி உயிரிழந்துவிட்டார். இறந்தோர் தொகையைப் பற்றிய சர்ச்சை ஓயாத வேளையில் அப்படங்கள் சாட்சியாக நின்றன. அவற்றை இனபேதம் என்று ஒதுக்க நாம் உடன்பட மாட்டோம். ஒன்று மட்டும் கூறலாம்: இத்தாலியில் பெட்டி மூடியிருந்தது, இங்கே அழுகிறவரின் முகம் மிக அருகில் இருந்தது. அந்த நெருக்கத்திற்கு அனுமதி கேட்கப்பட்டதா என்பது தனியே கேட்கத் தக்க கேள்வி.

ஆகவே போபோடியில் படத்தைக் கண்டு வெகுள்பவர் ஒரு மாதத்துப் பத்திரிகைகளைச் சேர்த்து வைக்கலாம். அதே வெள்ளத்தில் வேறு பேட்டைகளை எப்படிக் காட்டினார்கள்? யார் பெயரோடு வருகிறார்கள், யார் கூட்டமாக வருகிறார்கள்? வெள்ளமில்லாத நாளில், பரீட்சையில் தேறிய பிள்ளையின் படம் இப்பேட்டையிலிருந்து வந்ததுண்டா? எண்ணிக்கை கையிலிருந்தால் ஆசிரியருக்கு எழுதும் கடிதத்திற்கு எடை கூடும்.

இந்தக் கணக்கை நம் பக்கமும் பார்க்க வேண்டும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகச் சில காட்சிகள் கைபேசிகளில் பரவின. தொடர்பற்ற வேறு சம்பவங்களின் காட்சிகள் அவை என்று தமிழ்நாட்டுக் காவல்துறை அறிவித்தது. பிகார் அரசும் அதிகாரிகள் குழுவொன்றை அனுப்பி விசாரித்தது. அங்கே பழி தமிழர்மீது விழுந்தது. அச்சமோ, பிழைக்க வந்த பிகாரியை வாட்டியது. பூனாவில் நாம் வந்தேறிகள்; திருப்பூரில் அவர்கள் வந்தேறிகள். வடநாட்டுத் தொழிலாளரைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகள் வெளியிடும் படங்களை எடுத்துப் பாருங்கள்: இரயில் பெட்டியின் வாயிலில் தொங்கும் கூட்டமா, பெயரோடு கூடிய ஒரு முகமா?