மறு ஆய்வுக்கு அஞ்சாமையே அறிவு

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

அறிவுலகில் ஓர் இதழுக்குப் பெருமை தருவது எது? புதுமைகளை முந்திக்கொண்டு கூறுவதா? தான் கூறியதைத் தானே உரைத்துப் பார்க்கும் நேர்மையே என்பேன். குமுகாய உளவியல் துறையின் தலையாய இதழ் ஒன்றில் நிகழ்ந்ததையே இதற்குச் சான்றாக உங்கள்முன் வைக்கின்றேன்.

'ஆளுமை, குமுகாய உளவியல் இதழ்' என்பது 1965 முதல் அமெரிக்க உளவியற் கழகம் வெளியிட்டு வருவது. தனித்திருக்கையில் ஒருவாறும் பலரோடு கூடியிருக்கையில் வேறொருவாறும் மாந்தர் நடப்பது ஏன் என்பன போன்றவற்றை ஆயும் இதழ் அது. அதில் இடம்பெறுவது ஆய்வாளர்க்குப் பெரும்பேறு.

2011-இல், கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெம் என்பார், வரவிருப்பதை முன்னுணரும் ஆற்றல் மாந்தர்க்கு உண்டு எனும் பொருள்பட ஒன்பது ஆய்வுகளை அதில் வெளியிட்டார். அவற்றுள் ஒன்றைக் கேளுங்கள். மாணவர்க்குச் சில சொற்களைக் காட்டி, நினைவில் நின்றவற்றை எழுதச் செய்தனர். எழுதி முடித்த பின்னரே அச்சொற்களுள் சிலவற்றைப் பயிற்றுவித்தனர். பின்னர்ப் பயிலவிருந்த சொற்களே முன்னர் எழுதியவற்றுள் மிகுந்திருந்தனவாம்! நாளை படிக்கவிருப்பதற்கு இன்றே மதிப்பெண் பெறுவது போன்றதன்றோ இது?

அதே இதழில் மறுப்புக் கட்டுரையும் வந்தது, அது பாராட்டற்குரியது. ஆனால், பிரித்தானிய ஆய்வாளர் மூவர் அவ்வாய்வை மும்முறை மீளச் செய்து, அவ்விளைவு கிட்டவில்லை என்று எழுதியனுப்பியபோது, மீளச் செய்த ஆய்வுகளை வெளியிடுவதில்லை என்று இதழ் மறுத்துவிட்டது. 2012-இல் வேறோர் இதழே அதனை வெளியிட்டது. சொன்னவர்க்கு மேடை, சரிபார்த்தவர்க்கு அடைத்த கதவு! இது என்ன நெறி?

இதனால் விளையும் கேட்டை எண்ணிப் பாருங்கள். இல்லாத விளைவு ஒன்று, வெறும் தற்செயலால் இருபதில் ஒருமுறை இருப்பதுபோல் தோன்றலாம் என்பதே இத்துறை வழக்கமாக ஏற்கும் வரம்பு. இருபதின்மர் ஆய்ந்து ஒருவர்க்கு மட்டும் அது தோன்றினால், அவ்வொன்று அச்சேறும். பத்தொன்பதும் பேழைக்குள் உறங்கும். படிப்பவரோ அச்சேறிய ஒன்றையே உண்மையென நம்புவர்.

இவ்விதழ் உட்பட உளவியல் இதழ்கள் மூன்றில் 2008-இல் வெளிவந்த 100 ஆய்வுகளைப் பன்னாட்டுக் குழுவொன்று மீளச் செய்து, 2015-இல் முடிவை வெளியிட்டது. முதலில் 97 ஆய்வுகள் விளைவு கண்டதாகக் கூறியவை. மீளச் செய்தபோது நிலைத்தவை ஏறத்தாழ 36 விழுக்காடே! நிலையாதவை அனைத்தும் பொய் என்று கூறிவிட முடியாது; ஆயினும், ஒருமுறை அச்சேறியதே மெய்யாகிவிடாது என்பது தெளிவாயிற்று.

முன்னர்க் கதவடைத்த இதழே 2012-இல், 3,289 பேரைக் கொண்டு நிகழ்த்திய ஏழு மறு ஆய்வுகளை வெளியிட்டது. பெம் கூறிய விளைவு அவற்றில் காணப்படவில்லை. இன்று, எதை எவ்வாறு ஆய்வோம் என்பதை முன்கூட்டியே பதிந்துவைக்கும் வழக்கமும் இத்துறையில் பரவியுள்ளது.

தோழர்களே! பெயர்பெற்ற இதழ் சொன்னது, பேரறிஞர் சொன்னார் என்று தலைவணங்குவது அறிவாகாது. எவர் கூற்றாயினும் உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். நம் கூற்றையும் பிறர் உரைத்துப் பார்க்க முன்வையுங்கள். பொன்னாயின் ஒளிரும்; பித்தளையாயின் இன்றே தெரியட்டும்!