பன்னீர் ரோசாவும் அப்டன் பார்க் மழையும்

(அப்டன் பார்க்கில் நடைபெற்ற மாதாந்த இலக்கியச் சந்திப்பில் ஆற்றப்பட்டு, இணையவழி நேரலையாகச் சென்ற உரையின் எழுத்து வடிவம்)



அமைப்பாளர்கள் தந்த தலைப்பு ‘புலம்பெயர் எழுத்தில் இயற்கை’. அதை ஒரே ஒரு பூக்கன்றுக்குள் சுருக்கிவிட்டேன். நம்முடைய கதைகளில் லண்டன் வந்தால் பனி வரும், மொட்டை மரம் வரும், சாம்பல் வானம் வரும். மிஞ்சினால் ‘பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் ஒரு ரோஜா பூத்திருந்தது’ என்று ஒரு வரி வரும். எந்த ரோஜா? மணக்குமா, மணக்காதா? முல்லையையும் மல்லிகையையும் நாம் இப்படி ஒன்றாகப் போட்டு எழுதுவோமா? குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கிய மொழி நம்முடையது.

அந்த 99 பூக்களில் ரோஜா இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது நமக்குப் பிந்தி வந்த பூ, வெளியிலிருந்து வந்த பெயர். ஆனால் அதன் வாசனைக்கு நாம் சொந்தமாக ஒரு சொல் வைத்திருக்கிறோம். பனிநீர் என்பது பன்னீர் ஆனது. மலையாளத்தில் ரோஜாவையே பனிநீர்ப்பூ என்கிறார்கள். கலியாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்பைச் சரித்து நம் மேல் தெளிக்கிறார்களே, அந்த நீரின் மணம் எந்தப் பூவில் இருந்ததோ அது பன்னீர் ரோசா. கொய்மலர்க் கடைகளில் நீளக் காம்போடு நிற்பது வேறு. பன்னீர் ரோசா காம்பு குட்டையானது, இளஞ்சிவப்பு, கையில் எடுத்தால் இதழ் உதிரும், மணம் மட்டும் வீடு முழுக்க நிற்கும்.

தமிழ்நாட்டு வேளாண் நூல்களில் இதன் பெயர் எட்வர்ட் ரோஜா. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் இந்துமாக் கடலில் உள்ள ரீயூனியன் தீவுக்குப் போய்ச் சேருவோம். அப்போது அதன் பெயர் பூர்போன் தீவு. அங்கே வேலிக்கு ரோஜா நடுவார்கள்: ஒன்று சீனத்து இளஞ்சிவப்பு, மற்றது டமாஸ்க். இரண்டும் தாமாகக் கலந்து ஒரு கன்று முளைத்தது. உள்ளூரில் அதை ‘எதுவார் ரோஜா’ என்றார்கள். ப்ரேயோன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1817 வாக்கில் அதைக் கண்டு, விதையைப் பாரிசுக்கு அனுப்பினார். ஐரோப்பாவின் பூர்போன் ரோஜாக்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. எதுவார் நம் ஊரில் எட்வர்ட் ஆனார், பிறகு பன்னீர் ஆனார். பின்னாளில் அதே தீவின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்களைக் கப்பலேற்றினார்கள் என்பது இன்னொரு கதை. அதற்கு இன்னொரு சந்திப்பு வேண்டும்.

இப்போது நாம் கூடியிருக்கும் இடத்துக்கு வருகிறேன். இங்கிருந்து நடக்கிற தூரத்தில் வெஸ்ட் ஹாம் பார்க் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். 1762இல் ஜோன் பொதர்கில் என்ற மருத்துவர் அந்த நிலத்தை வாங்கி, உலகமெங்குமிருந்து செடிகளை வரவழைத்து வளர்த்தார். குளிர் தாங்காதவற்றுக்குக் கண்ணாடி வீடுகள் கட்டினார். பூக்கும்போது ஓவியர்களை அழைத்து வரைய வைத்தார். 1780இல் அவர் இறந்த பிறகு செடிகள் விற்கப்பட்டன. ஓவியங்களை ரஷ்யப் பேரரசி கத்தரீன் வாங்கினார். தூரதேசத்துச் செடியை அப்டன் மழையில் வாழவைக்கிற வேலை நாம் தொடங்கியது இல்லை என்று சொல்லத்தான் இதைச் சொன்னேன். பொதர்கிலுக்குப் பணமும் தோட்டக்காரரும் இருந்தார்கள். நம்மிடம் இருப்பது குப்பைத் தொட்டிக்கும் உடுப்புக் கொடிக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம்.

கிரீன் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் ஓர் ஐயா இருக்கிறார். மனைவி காலமாகிச் சில ஆண்டுகள். படத்துக்கு நாளும் ஒரு பூ வைப்பார். சுப்பர்மார்க்கெட் ரோஜா ஒரு கட்டு வாங்கினால் பத்து நாள் வாடாது. அது கென்யாவில் வளர்ந்து விமானத்தில் வருவது. நாள்பட நிற்கவும் பெட்டிக்குள் நசுங்காமல் இருக்கவும் தெரிந்தெடுத்த இனம். அந்தத் தெரிவில் மணம் போய்விட்டது. அவர் சொன்னது: “மணக்காட்டி அது கடதாசிப் பூதானே, தம்பி. அவ கிணத்தடியில வச்சிருந்தது பன்னீர் ரோசா. ஊரிலயிருந்து வாற ஆரிட்டையும் ஒரு தடி வெட்டிக்கொண்டு வரச் சொல்லுவமோ?”

அது முடியாது. செடித் தடியை, அதிகாரம் பெற்ற தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் இந்த நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். கொண்டுவந்தாலும் வெயிலுக்குப் பழகிய அந்தக் கன்று இங்கே என்ன செய்யும் என்பது அடுத்த கேள்வி.

லண்டன் மழையைப் பற்றி நாம் நிறையக் குறைபட்டுக்கொள்கிறோம். அளந்தால் இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். சென்னைக்கு ஏறத்தாழ 1400. அங்கே ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும், பிறகு வெயில் எல்லாவற்றையும் காயவைத்துவிடும். இங்கே தூறல்தான்; ஆனால் காலையில் நனைந்த இலை பின்னேரம்வரை காயாது. ரோஜாவுக்குக் கரும்புள்ளி நோயைத் தரும் பூஞ்சணத்துக்கு அதுவே போதும். ஏழெட்டு மணி நேரம் ஈரம் தொடர்ந்து நின்றால் அதன் வித்து இலைக்குள் இறங்கிவிடும். பிறகு இலை மஞ்சளாகும், கொட்டும்; ஆவணிக்குள் கன்று மொட்டைத் தடியாக நிற்கும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு காலத்தில் கிழக்கு லண்டனில் இந்த நோய் அவ்வளவாக இல்லை. நிலக்கரிப் புகையின் கந்தகம் பூஞ்சணத்தை அடக்கி வைத்திருந்தது. அருகே பெக்டனில் 1870இல் எரிவாயு ஆலை வந்தது. வீடுகளின் புகைபோக்கிகள் வேறு. 1952 டிசம்பர்ப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 1956இல் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தார்கள். காற்று சுத்தமாக, ரோஜா இலையில் புள்ளி பெருகியது. இங்கேயே பிறந்து வளர்ந்த முதியவர் யாராவது, முன்னர் ரோஜாவுக்கு நோயே வராது என்று சொன்னால் ஞாபகப் பிசகு என்று தள்ளிவிடாதீர்கள்.

ஐயாவுக்கு என்ன கன்று வாங்குவது? பன்னீர் ரோசாவின் நேர் உறவு வேண்டுமானால் பூர்போன் இனத்தில் ‘ஸெபிரின் த்ரூவான்’ இருக்கிறது. 1868இல் வந்தது, முள்ளில்லாத கொடி, அருமையான மணம். நிழல் சுவருக்கு இதைத்தான் பலரும் சொல்வார்கள். கரும்புள்ளிக்கு அது முதல் பலி. 1843இல் வந்த ‘சுவனீர் த லா மல்மெஸோன்’ படத்தில் பார்த்தால் மயங்குவீர்கள். மழையில் அதன் மொட்டு திறக்காது. வெளி இதழ்கள் நனைந்து, பிறகு காய்ந்து கடதாசி போல ஒட்டிக்கொள்ள, உள்ளே இருப்பது அழுகிவிடும்.

நாங்கள் தெரிந்தது ‘கெர்ட்ரூட் ஜீகில்’. டேவிட் ஒஸ்டின் 1986இல் வெளியிட்ட கடும் இளஞ்சிவப்பு. அதன் பெற்றோரில் ஒன்று ‘கொம்த் த ஷம்போர்’ என்ற பழைய போர்ட்லண்ட் ரோஜா. அந்த வழியில் டமாஸ்க் மணம் வருகிறது. பெயருக்குரிய அம்மையார் தோட்டக்கலை எழுத்தாளர், பார்வை மிகக் குறைந்தவர். அவர் பெயரை ஒரு வாசனைப் பூவுக்கு வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. இதற்கும் புள்ளி வரும், முள்ளும் மோசம். ஆனால் இலை கொட்டினாலும் திரும்பத் துளிர்க்கிற வலு இருக்கிறது.

நவம்பரிலிருந்து மார்ச்வரை வேரில் மண் இல்லாமல் விற்கும் கன்று விலை குறைவு, அதை வாங்கினோம். இடம் தெரிவதில்தான் நேரம் எடுத்தோம். ஐயா படம் இருக்கும் அறையின் யன்னலடியில் வைக்க விரும்பினார். அங்கே மதியத்துக்குப் பிறகுதான் வெயில். எதிர்ப்பக்கம், கொடிக்கம்பத்துக்கு அருகே, காலை வெயில் முதலில் விழும். இலை சீக்கிரம் காயும். வேலியிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி, காற்று போய்வர வைத்தோம். ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். கோழி எருக் குறுணைதான் பசளை. தண்ணீர் அடியில் மட்டும்; இலையில் படக்கூடாது. கொட்டிய இலையை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும், எருக்குவியலில் போடக்கூடாது. அடுத்த ஆண்டுக்கான நோய் அந்த இலையில்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது. இந்தப் பொறுக்குகிற வேலையை ஐயா ஒரு நாளும் தவறவிடவில்லை.

முதல் ஆண்டு ஆகஸ்டில் பாதி இலை போனது. பிடுங்கிவிடலாம் என்றார். பெப்ரவரிவரை பொறுங்கள் என்றேன். பெப்ரவரிக் கடைசியில் மூன்றில் ஒரு பங்கு வெட்டி, நடுவைத் திறந்துவிட்டோம். இரண்டாம் ஆண்டு ஜூனில் பூத்தது.

மணத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. பன்னீரின் மணத்துக்கு முக்கிய காரணம் பினைல்எதைல் அல்கஹோல் என்ற பொருள். அது தண்ணீரில் கரையும்; அதனால்தான் வடிக்கும்போது எண்ணெயில் தங்காமல் பெரும்பகுதி நீரோடு போய்விடுகிறது, பன்னீர் பன்னீராக மணக்கிறது. குளிர்ந்த மழை நாளில் பூவை முகர்ந்துவிட்டு மணமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். மழை விட்டு, காற்று அடங்கி, கொஞ்சம் வெயில் ஏறட்டும். பாதி விரிந்த பூவை அப்போது வெட்டி உள்ளே கொண்டுபோங்கள்.

ஐயா அப்படித்தான் வெட்டினார். படத்தடியில் வைத்துவிட்டுக் கனநேரம் பேசவில்லை. பிறகு, “அது இல்லை” என்றார். “ஆனா அதின்ர சொந்தக்காரி.” இன்னொரு முறை முகர்ந்துவிட்டு, யன்னலைச் சாத்தச் சொன்னார்.

கேள்விகளுக்கு முன் ஒரு அறிவித்தல். ஒக்டோபரில் அந்தக் கன்றிலிருந்து பென்சில் தடிப்பில் தடிகள் வெட்டுவோம். ஒரு சாண் நீளத்தில், மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக நட்டு, ஒரு வருடம் அசைக்காமல் விட்டால் பாதியாவது வேர்விடும். வேண்டியவர்கள் அரட்டைப் பெட்டியில் எழுதுங்கள். வரும்போது ஈரக் கடதாசியும் ஒரு பிளாஸ்டிக் பையும் கொண்டுவாருங்கள், முள்ளுக்குக் கையுறையும்.