அறிமுகம் உறவாக வேண்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

வாலிபர்களுக்குப் பயன்படும்படி ஏதேனும் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். சமய உண்மைகளை எடுத்துரைக்க எம்மினும் வல்லவர்கள் இம்மேடையில் இருக்கிறார்கள். ஆகவே நாம் ஒரு சிறிய உலக விஷயத்தையே எடுத்துக்கொண்டோம். உத்தியோகம், தொழில், படிப்பு ஆகியவற்றின் பொருட்டுப் புதிதாக ஒருவரை அறிமுகம் செய்துகொள்கிறோம். அதன் பின்பு என்ன செய்ய வேண்டும்? இதுவே இன்றைய பேச்சு. விஷயம் சிறியதுதான். ஆனால் அதிலே தவறியதனால் நாம் அடைந்த நட்டம் சிறியதன்று. முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, பரீட்சை எழுதி முடித்த தோட்டத்துப் பிள்ளைகள் சிலரை நுவரெலியாவிலே மூன்று நாட் பயிற்சி ஒன்றுக்கு அழைத்திருந்தார்கள். கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து கணக்கியல் பற்றிப் பேசினார். பேச்சு முடிந்ததும் நாமும், வேறொரு தோட்டத்திலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவரும் அவரிடம் போய் நின்றோம். அவர் அன்போடு விசாரித்தார். இரண்டு துண்டுக் கடதாசிகளிலே தமது முகவரியை எழுதி, ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். "எழுதுங்கள், தம்பி" என்றார்.

நாம் அதைச் சட்டைப் பைக்குள் வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் அம்மா பீலியிலே அந்தச் சட்டையைத் துவைத்தார். பைக்குள் இருந்தது கூழாகிவிட்டது. "போனால் போகட்டும், அவருக்கு நம்மை ஞாபகமா இருக்கப்போகிறது?" என்று சொல்லிச் சிரித்துவிட்டு நாம் அதை மறந்தோம்.

எமது நண்பரோ மூன்றாம் நாளே ஒரு தபாலட்டை எழுதினார். நான்கு வரி. தாம் யார், எங்கே சந்தித்தோம், அவருடைய பேச்சிலே எந்தக் கருத்து மனத்திலே தைத்தது, அதற்கு நன்றி. அவ்வளவே. உத்தியோகம் கேட்கவில்லை. இரண்டு மாதங் கழித்து மறுபடியும் எழுதினார். அதிகாரி சொன்ன புத்தகத்தைத் தேடிப் படித்ததாகவும், ஒரு பகுதி விளங்கவில்லை என்றும் அதிலே இருந்தது. அதற்கு விளக்கத்தோடு பதில் வந்தது. அடுத்த கடிதத்திலே நண்பர் ஒரு சங்கதி சேர்த்தார். தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் ஆபீசிலே தங்கிவிடுவதுண்டு என்றும், அவசரமானால் அட்டன் கடைவீதியிலுள்ள இன்ன கடையின் தொலைபேசிக்குச் சொன்னால் தமக்குத் தகவல் எட்டும் என்றும் எழுதினார்.

மறு ஆண்டு சில வெற்றிடங்களுக்கு விண்ணப்பம் கோரினார்கள். இருவரும் விண்ணப்பித்தோம். இருவருக்கும் நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தது. எமது கடிதம் தோட்டத்து ஆபீசிலே ஒரு மேசை லாச்சிக்குள் கிடந்தது. பரீட்சை முடிந்து மூன்றாம் நாள் அது எமது கைக்குக் கிடைத்தது. நண்பரின் கடிதமும் அவர்கள் தோட்டத்திலே அப்படித்தான் கிடந்தது. ஆனால் அந்த அதிகாரி, அழைப்புக்கள் போய்விட்டன என்று கேள்விப்பட்டவுடன் கடைக்குத் தொலைபேசி எடுத்து, "பையனுக்குக் கடிதம் கிடைத்ததா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். நண்பர் இரவு ரயிலிலே கொழும்புக்குப் போனார். தமது சொந்தத் திறமையினாலே தேறினார். அதிகாரி அவருக்காக யாரிடமும் சிபாரிசு செய்யவில்லை. கடிதம் கிடைத்ததா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்கு எமக்கு ஒருவருமில்லை.

அன்பர்களே, நெடுங்காலம் நாம் தோட்டத்து ஆபீசையே நொந்துகொண்டிருந்தோம். அது நியாயமான மனத்தாங்கல்தான். லயத்துக் காம்பிராவுக்குத் தனி முகவரியில்லாமல், நூற்றுக்கணக்கான குடும்பங்களின் தபால் ஒரே ஆபீசுக்குப் போய்ச் சேரும் வழக்கம் எத்தனை பிள்ளைகளின் வாழ்க்கையைத் தடுத்திருக்கிறது! அதைக் கேட்டுப் போராடுவது சங்கங்களின் கடமை. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லத்தான் மற்றொன்று விளங்கிற்று. பாதிக் குற்றம் ஆபீசினுடையது. மறு பாதி அந்தச் சட்டைப் பையினுடையது.

நமது மக்களுக்கு வெளியுலகத்தோடு தொடர்பு எப்படி இருந்தது என்பதைச் சிறிது எண்ணிப் பாருங்கள். நமது பாட்டன்மாருக்குத் தெரிந்தவர் என்றால் கங்காணி ஒருவரே. அந்தத் தொடர்பு அன்பினால் வந்ததன்று, கடனால் வந்தது. தொழிலாளியின் பேரிலுள்ள கடனைக் கொடுத்துத் தீர்த்தால் ஆளை விடுவதாக எழுதிக் கொடுக்கும் 'துண்டு' என்னும் சீட்டு ஒரு காலத்தில் நடைமுறையில் இருந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அது ஒழிக்கப்பட்டது. துண்டு ஒழிந்தது, ஆனால், 'யாராவது ஒரு பெரியவர் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்' என்று காத்திருக்கும் மனப்பான்மை நம்மிடம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. கடனால் கட்டிய உறவு ஆளை அடிமையாக்கும். மதிப்பினால் கட்டிய உறவு ஆளை நிமிர்த்தும். இந்த இரண்டாவது உறவை நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

"நமக்கென்ன, லயத்திலே இத்தனை சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே!" என்று சிலர் கேட்கலாம். சொந்தம் பெரிய செல்வந்தான். துக்கத்துக்கும் மங்கலத்துக்கும் அவர்களே துணை. ஆனால் நமக்குத் தெரிந்த செய்திதான் பக்கத்துக் காம்பிராவுக்கும் தெரியும். தெரியாத செய்தி தூரத்திலிருப்பவரிடமே உண்டு. அமெரிக்காவிலே மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலறிஞர், பொஸ்ரன் நகரையடுத்த ஓர் ஊரிலே, தெரிந்தவர் மூலம் உத்தியோகம் பெற்றவர்களை விசாரித்து 1973ஆம் ஆண்டிலே ஒரு கட்டுரை வெளியிட்டார். செய்தி சொன்னவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் அவர்களிலே நூற்றுக்கு 17 பேர் அளவே. மற்றவர்கள் எல்லோரும் எப்போதாவதோ, மிக அரிதாகவோ சந்தித்தவர்கள். தூரத்து அறிமுகம் எவ்வளவு பயனுடையது, பார்த்தீர்களா? ஆனால் அந்த அறிமுகம் உயிரோடிருக்க வேண்டும். செத்த அறிமுகத்தால் பயனில்லை.

உயிரோடு வைத்திருப்பது எப்படி? அதை நமக்கு வேறொருவர் கற்பிக்க வேண்டியதில்லை. கொழுந்து மலையைப் பாருங்கள். ஏழெட்டு நாளுக்கொரு முறை சுற்று வருகிறது. மலையின் உயரத்தையும் பருவத்தையும் பொறுத்துச் சற்றுக் கூடும், குறையும். உரிய நாளிலே போனால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிடைக்கும். சுற்றுத் தவறினால் அதே செடியிலே அதே இலை முற்றிப் போகும். நல்ல தேயிலைக்கு உதவாது. நாளுக்கு நாள் போய்க் கிள்ளினாலும் செடி நலிந்துபோகும். அறிமுகமும் இப்படியே. பிந்தினால் முற்றும், ஓயாமல் தொந்தரவு செய்தால் நலியும்.

ஆகையால், முதற் சுற்று மூன்று நாட்களுக்குள் வர வேண்டும். சந்தித்தவர் முகம் மறப்பதற்கு முன்பு நாலு வரி எழுதிவிடுங்கள். இப்போது தபாலட்டை வேண்டியதில்லை; கையிலே தொலைபேசி இருக்கிறது. வாட்ஸ்அப்பிலே எழுதினாலும் முறை ஒன்றுதான்: நீங்கள் யார், எங்கே சந்தித்தீர்கள், அவர் சொன்னதிலே எது உதவிற்று, நன்றி. பெயரையும் ஊரையும் எழுதாமல் "ஹலோ சேர்" என்று மட்டும் அனுப்பினால், அவர் யாரென்று கண்டுகொள்வார்? அவர் சிங்கள நண்பரானால் இரண்டு வரியையாவது சிங்களத்திலே எழுதப் பாருங்கள். பிழை இருந்தாலும் அன்பு தெரியும்.

இரண்டாம் சுற்று, சொன்ன சொல்லைக் காப்பது. "சான்றிதழின் பிரதியை அனுப்புகிறேன்" என்று சொல்லியிருந்தால், அவர் கேட்குமுன் அது போய்ச் சேர வேண்டும். அவர் ஒரு பாடநெறியைப் பற்றிச் சொல்லியிருந்தால், அதை விசாரித்தேன், இன்னது தெரிந்தது என்று எழுத வேண்டும். ஒருவர் தந்த புத்திமதி என்ன ஆயிற்று என்று திரும்பிச் சொல்பவர் நூற்றிலே ஒருவரே. அந்த ஒருவரை யாரும் மறப்பதில்லை. காரியம் தோற்றுப்போனாலும் சொல்லுங்கள். "கிடைக்கவில்லை ஐயா, ஆனாலும் உங்கள் உதவிக்கு நன்றி" என்ற ஒரு வரி அடுத்த கதவைத் திறக்கும்.

அதன் பின்பு ஆண்டிலே இரண்டு மூன்று முறை போதும். தைப்பொங்கல் இருக்கிறது, தீபாவளி இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டு நமக்கும் சிங்கள மக்களுக்கும் பொதுவான நாள். பௌத்த நண்பருக்கு வெசாக் உண்டு. ஆனால் தினந்தோறும் பூப்படமும் காலை வணக்கமும் அனுப்புவது தொடர்பாகாது. அவருடைய பிள்ளை பரீட்சை எழுதியதாகச் சொல்லியிருந்தால், பெறுபேறு வரும் காலத்திலே விசாரியுங்கள். அதுதான் தொடர்பு. இவற்றையெல்லாம் மனத்திலே வைத்திருக்க முடியாது. ஒரு சிறு கொப்பியிலே பெயர், ஊர், சந்தித்த நாள், பேசிய விஷயம், எப்போது எழுதினோம் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப் பதிவு இல்லாமல் பிரட்டுக் களம் நடக்குமா?

இங்கே ஒரு வாலிபர் மனத்துக்குள் கேட்பது எமக்குக் கேட்கிறது: "இது பந்தம் பிடிப்பதல்லவா?" நல்ல கேள்வி. பந்தம் பிடிப்பவன் தனக்குத் தேவை வரும்போதுதான் வருவான். ஆற்றைக் கடக்கும் வரைதான் அவனுக்கு அண்ணன் தம்பி. உறவு காப்பவன் தேவையில்லாத நாளிலும் வருவான்; தன்னால் ஆனதைக் கொடுத்துவிட்டே கேட்பான். தோட்டத்துப் பிள்ளையிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அதிகாரிக்கு மலையகத்து நிலைமை தெரிய வேண்டியிருக்கும். உண்மையான தகவலைத் தரலாம். மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருக்கும், உதவலாம். அவர் தேடும் தகுதியுடைய மற்றொரு பிள்ளையைக் காட்டலாம்.

இதற்கு நமது அட்டன் மண்ணிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. வெளியார் தோட்டத்துக்குள் நுழைய முடியாதிருந்த காலத்திலே, தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு லயங்களுக்குள் வந்தார். மக்களின் முதல் அறிமுகம் புடவை மூட்டையோடு வந்த ஒரு மனிதரோடு ஏற்பட்டது. அவர் பார்த்துவிட்டுப் போய்விடவில்லை. கண்டதை எழுதினார், 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தினார், 1931இல் அட்டனை இருப்பிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சம்மேளனத்தை அமைத்தார். அவர் மனைவியார் மீனாட்சி அம்மையார் மக்கள் நடுவே பாட்டுக்கள் பாடினார். 1936இல் அட்டன் தொகுதி மக்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். வேடம் போட்டு வந்த அறிமுகம், திரும்பத் திரும்ப வந்ததனாலே உறவாயிற்று.

பெரியவர்களே, முகவரியின் அருமையை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 1964 ஒக்டோபர் மாதம் செய்யப்பட்ட ஸ்ரீமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை, 525,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 300,000 பேருக்கு இங்கே பிரசாவுரிமை என்றும் கணக்கிட்டுப் பிரித்தது. அதன்படி எத்தனையோ குடும்பங்கள் ரயிலேறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறின. ஸ்டேசனிலே கட்டிப்பிடித்து அழுதவர்களில், போய்ச் சேருமிடம் இன்னதென்று எழுதி வாங்கிக்கொண்டவர்கள் சிலர். அழுகையிலே அதைக் கேட்க மறந்தவர்கள் பலர். கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போனவர்களோடு இன்றும் கொண்டாட்டம் நடத்தும் குடும்பங்கள் இருக்கின்றன. சொந்த அண்ணன் எங்கேயென்று தெரியாத குடும்பங்களும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே நின்றது பல வேளைகளிலே ஒரு துண்டுக் கடதாசிதான்.

ஆகவே பெரியவர்களிடம் எமது வேண்டுகோள் இது. பிள்ளைகள் வெளியாருக்கு எழுதுவதைத் தடுக்காதீர்கள். பெண்பிள்ளைகளைப் பற்றிய உங்கள் அச்சம் எமக்குத் தெரியும். அவர்கள் சங்கத்தின் மூலமாக, பெரியவர் ஒருவருக்கும் தெரியும்படி எழுதட்டும், எழுதாமலிருக்க வேண்டாம். சங்கத்தாரிடமும் ஒன்று கேட்கிறோம். இம்மேடைக்கு வந்து பேசிச் சென்றவர்கள் எத்தனை பேர்! அவர்களிலே எத்தனை பேருக்கு விழா முடிந்து ஒரு நன்றிக் கடிதம் போயிற்று? அதற்கென்று ஒரு பதிவேட்டை இன்றே திறவுங்கள். தபாலும் தொலைபேசிச் செய்தியும் தவறாமல் வந்து சேர, நகரத்திலே நம்பிக்கையான ஓரிடத்தையும் ஏற்படுத்துங்கள்.

திருவள்ளுவர் நட்பு என்று ஓர் அதிகாரம் வைத்து, அதையடுத்து நட்பாராய்தல் என்றும், அதன்பின் பழைமை என்றும் வைத்திருக்கிறார். நட்பு, ஆராய்ச்சி, பழைமை என்ற அந்த வரிசையைக் கவனியுங்கள். எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. தகுந்தவரை ஆராய்ந்து, பழைமையாகும் வரை காப்பதே முறை.

வாலிப நண்பர்களே, இன்று இந்த மண்டபத்திலே நீங்கள் புதிதாகச் சந்தித்தவர் ஒருவராவது இருப்பார். அவருடைய பெயரும் தொலைபேசி இலக்கமும் உங்கள் சட்டைப் பையிலே இருக்கலாம். சட்டை பீலிக்குப் போகுமுன்பு அதை எடுத்துக் கொப்பியிலே எழுதுங்கள். புதன்கிழமைக்கு முன் அவருக்கு நாலு வரி எழுதுங்கள். நாம் தவறவிட்டதை நீங்கள் தவறவிடாதீர்கள்.

சங்கம் வளர்க! மலையகம் உயர்க!