சுண்டுவிரலும் புள்ளி விசையும்

தட்டெழுதத் தொடங்குவோர் விரல்களை வைப்பதுபோல, நேயர்கள் இரு கைகளையும் தம் முன்னுள்ள மேசைமீது வைத்துப் பார்ப்பார்களாக. வலக்கைச் சுண்டுவிரல் எங்கே தங்குகிறதோ அங்கே, பாமினி எழுத்துருவில் எழுதுவோர்க்கு, மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறது. அதற்கு நேர் மேலே, அதே விரல் சற்று எட்டித் தொடவேண்டிய இடத்தில், இகரக் குறி இருக்கிறது. தமிழில் புள்ளியும் இகரமும் வாராத வரியைத் தேடிக் காண்பது எளிதன்று. ஆகவே ஐந்து விரல்களுள் மெலிந்ததாகிய சுண்டுவிரலே தமிழ் எழுதுவோர் கையில் ஓயாது உழைக்கும் விரலாகிவிடுகிறது.

வன்னிப் பெருநிலத்து ஊர்ப்பெயர்களையே எடுத்து எண்ணிப் பார்க்கலாம். கிளிநொச்சி என்று பாமினி வரிசையில் எழுத 11 தட்டு வேண்டும். அவற்றுள் இகரக் குறி மூன்று, புள்ளி ஒன்று. ஆக நான்கு தட்டு வலக்கைச் சுண்டுவிரலுக்கு உரியவை. முல்லைத்தீவு என்று எழுதும்போது புள்ளி இருமுறை வருகிறது. ஈகாரக் குறி ஒருமுறை வருகிறது. இறுதி 'வு' எழுத்துக்காக வலப்பக்கத்து ஷிப்ட் விசையை அழுத்திப் பிடிப்பதும் அந்த விரலே. வவுனியா ஒன்றுதான் சற்று இரக்கம் காட்டுகிறது. ஆங்கிலம் எழுதுவோர்க்கு இந்தத் தொல்லை இல்லை. நமக்குப் புள்ளி உள்ள இடத்தில் அவர்களுக்கு அரைப்புள்ளி இருக்கிறது. இகரம் உள்ள இடத்தில் 'பீ' என்னும் எழுத்து இருக்கிறது. இரண்டும் ஆங்கிலத்தில் அருகியே வருவன.

இந்தக் கணக்கை முன்வைத்தே இன்றைய பொருளுக்குள் நுழையவேண்டும். விசைப்பலகையை முழுப்பொருளாக வாங்காது, கூடு, மின்சுற்றுத் தட்டு, ஆளிகள், எழுத்துப் பொறித்த தொப்பிகள் என ஒவ்வோர் உறுப்பாகத் தெரிந்தெடுத்துத் தமக்கெனப் பூட்டிக்கொள்ளும் வழக்கம் உலகெங்கும் பரவியிருக்கிறது. அவற்றுள் கைக்கு நேரே பொருந்துவது ஆளி. எந்த ஆளி நல்லது என்று விசாரிப்பவருக்குக் கிடைக்கும் விடைகளிற் பெரும்பாலானவை ஆங்கிலம் எழுதும் கைகளின் அனுபவத்திலிருந்து வந்தவை. அவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டால் வன்னியில் தமிழ் எழுதும் கைக்கு நன்மை விளையும் என்று சொல்லமுடியாது.

இது பொழுதுபோக்கினர் விவகாரம்தானே என்று சிலர் எண்ணக்கூடும். கச்சேரி வாயிலிலும் பிரதேச செயலகங்களின் அருகிலும் உள்ள தட்டெழுத்துக் கடைகளைப் பார்த்தவர் அவ்வாறு எண்ணமாட்டார். 2009இல் போர் முடிந்தபின் மீளக் குடியேறிய குடும்பங்கள் பல தம் பத்திரங்களை இழந்திருந்தன. பிறப்புப் பதிவு, காணி அனுமதிப்பத்திரம், காணாமற்போனோரைத் தேடும் விண்ணப்பம், இழப்பீட்டுக் கோரிக்கை என எத்தனையோ கடிதங்கள் எழுதப்படவேண்டியிருந்தன. அவை ஒவ்வொன்றிலும் பெயர் உண்டு, ஊர் உண்டு, தந்தை பெயர் உண்டு. ஒரு புள்ளி விடுபட்டால் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும் என்று பள்ளிப் பிள்ளையும் அறியும். பொதுச்சொல்லில் நேரும் பிழையைப் படிப்பவர் திருத்திக்கொள்வார். பெயரில் நேரும் பிழையைத் திருத்தி வாசிக்க அலுவலர்க்கு அதிகாரமில்லை. அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் விண்ணப்பத்தில் வேறுவிதமாகவும் பெயர் இருந்தால், விண்ணப்பகாரர் மீண்டும் பேருந்தேறி வரவேண்டும். சுண்டுவிரல் புள்ளியைச் சரியாக அழுத்திற்றா இல்லையா என்பதற்கு ஒரு முதியவரின் ஒருநாட் கூலியும் அலைச்சலும் விலையாகின்றன.

அந்த விரலுக்கு, எழுத்து விழுந்தது என்பதை எவ்வாறு அறிவிப்பது? பழைய தட்டெழுத்துப் பொறியில் இக்கேள்வி எழவில்லை. விரல் கொடுத்த விசையே அச்சுக்கோலைத் தூக்கிற்று. கோல் நாடாவில் மோதிற்று. வண்டி ஓரெழுத்து நகர்ந்தது. கைக்கும் காதுக்கும் கண்ணுக்கும் ஒரே கணத்தில் செய்தி கிடைத்தது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, மலாயா சென்று சிங்கப்பூரில் வாழ்ந்த இராமலிங்கம் முத்தையா தமிழுக்கு விசை வரிசை வகுத்தபோது, புள்ளி போன்ற குறிகளுக்கு வண்டியை நகர்த்தாத விசைகளை அமைத்தார். அவற்றை நகரா விசை என்பர். குறியை முதலில் அடித்து, வண்டி நின்ற இடத்திலேயே எழுத்தை அடித்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். அவர் வகுத்த பொறிகளை ஜெர்மனியின் திரெஸ்டன் நகரிலிருந்த சைடல் அண்ட் நௌமான் நிறுவனம் செய்து கொடுத்தது. போர்க்காலத்தில் வன்னி பல்லாண்டுகள் மின்வழங்கல் இன்றி இருந்தபோது, மின்சாரம் வேண்டாத இத்தகைய பொறியின் அருமையை அப்பகுதி நன்கறிந்திருக்கும்.

கணினி விசைப்பலகையில் மோதுவதற்கு அச்சுக்கோல் இல்லை. உள்ளே இரு தகடுகள் தொட்டால் எழுத்து விழும், தொடாவிட்டால் விழாது. மலிவான பலகைகளில் தகட்டின் இடத்தில் இரப்பர்க் குமிழ் இருக்கும். அது பழையதாகும்போது குழைந்து, அடித்தட்டுவரை அழுத்தினாலன்றி எழுத்து விழாத நிலைக்கு வந்துவிடும். தனி ஆளி பூட்டிய பலகையில் ஒவ்வொரு விசைக்குங் கீழே ஒரு சிறு பெட்டி. அதனுள் ஒரு தண்டு, ஒரு சுருள்வில், ஒரு மெல்லிய உலோகத் தகடு. செரி என்னும் ஜெர்மன் நிறுவனம் 1980களில் வெளியிட்ட எம்.எக்ஸ். வகையே இன்று புழங்கும் பெரும்பாலான ஆளிகளுக்கு முன்மாதிரி. அதன் காப்புரிமைக் காலம் முடிந்தபின் சீன நிறுவனங்கள் பல அதே அளவில், அதே சிலுவைத் தண்டுடன், எண்ணற்ற வகைகளைச் செய்து விற்கின்றன.

தண்டின் காலில் மேடு எதுவும் இல்லாவிட்டால் அது வழுக்கிக்கொண்டு இறங்கும். அது நேரோட்ட ஆளி. காலில் ஒரு சிறு மேடு இருந்தால், அம்மேடு தகட்டை ஒதுக்கித் தள்ளிக் கடக்கும்போது விரலுக்குத் தடை தோன்றி, உடனே விலகும். அது தொட்டுணர் ஆளி. தடையோடு 'டிக்' என்ற ஓசையையும் எழுப்புவது ஒலி ஆளி. நான்கு பேர் ஒரே அறையில் இருந்து எழுதும் அலுவலகத்துக்கு ஒலி ஆளி ஒவ்வாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பாமினியில் எழுதுவோரின் சுண்டுவிரல் புள்ளி விசையின்மீதே ஓய்வெடுக்கிறது. வில் இலேசானதாகவும் ஓட்டம் தடையற்றதாகவும் இருந்தால், சிந்தித்துக்கொண்டு கை நிற்கும் பொழுதில், விரலின் எடையினாலேயே வேண்டாத புள்ளி விழும். இதற்கு அஞ்சி வில்லைக் கனமாக்கினால், பிற்பகல் மூன்று மணிக்குமேல் சுண்டுவிரல் சோர்ந்து வேண்டிய புள்ளி விழாது. தங்கும் விரலைத் தாங்குவதும் தட்டும் விரலைத் தளர்த்தாமல் விடுவதும் ஒருங்கே நிகழவேண்டும். தொட்டுணர் ஆளியின் மேடு இதற்கென்றே அமைந்தது போலிருக்கிறது. மேடு தொடக்கத்தில் விரலைத் தாங்கி நிற்கும்; அதைக் கடந்த பின் இலேசான வில் எஞ்சிய தூரத்தை எளிதாக்கிவிடும். எனவே புள்ளி விசைக்குத் தேடவேண்டியது, மேடு தெளிவாகவும் வில் மென்மையாகவும் உள்ள ஆளி. கடைக்காரர் கனம் என்று சொல்லும் ஒற்றை எண் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை.

அந்த எண்ணைப் பற்றியும் ஒரு சொல். செரியின் பழுப்பு ஆளி 1994இல் வெளிவந்தது. தொட்டுணர் ஆளிகளுள் மிகப் பரவலாக அறியப்பட்டது. அதற்கு 55 கிராம் அளவான அழுத்தம் வேண்டும் என்பர். அது ஏறக்குறைய ஒரு கோழிமுட்டையின் எடை. ஆயினும் அதன் மேடு மிகச் சிறியது. கூர்ந்து கவனிப்பவர்க்கன்றி மற்றையோர்க்கு மணல் நெருடுவதுபோலவே தோன்றும். நாள் முழுவதும் எழுதுபவர்க்கு அது போதுமான செய்தியைத் தருவதில்லை என்றே சொல்லவேண்டும். அதே நிறுவனத்தின் வெண்ணிற 'கிளியர்' ஆளியின் மேடு தெளிவானது. ஆனால் வில் கனமானது, சுண்டுவிரலுக்கு ஆகாது. இரண்டின் நலத்தையும் சேர்க்க விரும்பியோர், கிளியரின் தண்டை வைத்துக்கொண்டு வில்லை மட்டும் இலேசானதாக மாற்றிப் பார்த்தனர். இப்போது பெரிய மேடும் மென்மையான வில்லும் கொண்ட ஆளிகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன.

இன்னொரு நுட்பம் உண்டு. ஆளியின் முழுப் பயணம் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர்; அதில் பாதி இறங்கியதும் தகடுகள் தொடுகின்றன. விரல் உணரும் மேடும் தகடு தொடும் கணமும் ஒன்றல்ல. பெரும்பாலான ஆளிகளில் மேடு முந்திவிடுகிறது. மேட்டை உணர்ந்தவுடன் விரலை எடுத்துவிடும் மெல்லிய கையினர்க்கு, விரல் 'விழுந்தது' என்று நம்ப, எழுத்து விழாமற் போகக்கூடும். 1985இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட மாடல் எம் விசைப்பலகையில் இக்குறை இல்லை. அதில் வில் மடங்கும் அதே நிகழ்ச்சி ஓசையையும் தடையையும் எழுத்தையும் ஒருங்கே பிறப்பித்தது. அதன் ஓசையோ அடுத்த அறைக்கும் கேட்கும். ஆகையால் தொட்டுணர் ஆளி வாங்குவோர், மேட்டின் இறக்கமும் தகடு தொடும் இடமும் அடுத்தடுத்து உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். கணினித் திரையைப் பார்த்தவாறு விசையை மிக மெதுவாக அழுத்தினால், விரல் மேட்டைக் கடந்த எத்துணைத் தூரத்தில் எழுத்துத் தோன்றுகிறது என்பது தானே விளங்கும்.

வன்னியின் காலநிலையும் தேர்வில் இடம் கேட்கிறது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கதவைச் சாத்தினாலும் புழுதி மேசையில் படிந்துவிடும். தொப்பியின் கீழுள்ள இடுக்கின் வழியே அது ஆளிக்குள் இறங்கினால், மேடு எது புழுதி எது என்று விரலுக்குத் தெரியாமற் போகும். தகடு தொடும் பகுதியைத் தனிச் சிறுபெட்டிக்குள் அடைத்துச் செய்யும் ஆளிகள் உண்டு. கைல் என்னும் சீன நிறுவனத்தின் 'பொக்ஸ்' வகை அத்தகையது. திறந்த கடைத்திண்ணையில் எழுதுபவர்க்கு அது ஏற்றது. மாரியின் ஈரத்துக்கு அஞ்சவேண்டியது தகட்டைப் பற்றியன்று. நல்ல ஆளிகளில் தொடுமிடத்துக்குப் பொன் பூசியிருப்பார்கள்.

ஆளிக்குள் மசகிட்டால் ஓட்டம் பட்டுப்போலாகும் என்று பலர் பரிந்துரைப்பர். நேரோட்ட ஆளிக்கு அது பொருந்தும். தொட்டுணர் ஆளியில் தண்டின் கால்களுக்கு மசகிட்டால் மேடு மழுங்கிவிடும். காசு கொடுத்து வாங்கிய உணர்ச்சியைத் தாமே துடைத்தெறிவதாகும். பக்கவாட்டிலும் வில்லின் முனைகளிலும் சிறிது இடுவதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும்.

ஒருவர்க்குப் பொருந்துவது மற்றவர்க்கும் பொருந்துமென்று கொள்வதற்கில்லை. விசை வரிசை மாறினால் கணக்கே மாறிவிடும். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டின் வழி வந்த 'தமிழ் 99' வரிசையில் புள்ளி இடக்கைச் சுட்டுவிரலின் கீழ் இருக்கிறது. இரட்டிக்கும் மெய்க்குப் புள்ளியை அது தானே இட்டும் கொள்ளும். சென்னையில் அவ்வரிசையில் எழுதுபவர் ஒரே வகை ஆளியைப் பலகை முழுவதும் பூட்டிக்கொண்டு மகிழ்ந்திருக்கலாம். அவர் சொல்லைக் கேட்டுப் பரந்தனில் பாமினியில் எழுதுபவரும் அப்படியே செய்தால் ஏமாறுவார்.

ஆகவே ஆளிகளைக் கழற்றி மாட்டக்கூடிய குழிகள் அமைந்த மின்சுற்றுத் தட்டை வாங்குவதே அறிவுடைமை. ஈயம் ஒட்டிய தட்டில் ஓர் ஆளியை மாற்றவும் வானொலி திருத்துபவரைத் தேடிப் போகவேண்டும். குழி அமைந்த தட்டிலோ, இடுக்கி ஒன்றிருந்தால் எவரும் மாற்றிக்கொள்வர். அவ்வாறாயின் எல்லா விசைக்கும் ஒரே ஆளி என்ற கட்டாயமில்லை. எழுத்து விசைகளுக்கு நடுத்தரக் கனமுள்ள தொட்டுணர் ஆளி. வலப்புற ஓரத்தில் புள்ளிக்கும் இகரத்துக்கும் ஷிப்ட் விசைக்கும் அதே மேடும் இலேசான வில்லும் உள்ள ஆளி. மேடு ஒரே வகையாயிருப்பது நன்று. விரலுக்கு விரல் வேறுவேறு மொழி பேசினால் கை குழம்பும். இருபது வகை வாங்கிச் சேர்ப்பதினும், வகைக்கு ஒன்றாகப் பதித்த மாதிரிப் பலகை ஒன்றை இரவல் பெற்றுச் சுண்டுவிரலால் மட்டும் அழுத்திப் பார்ப்பது சிக்கனமானது. கடையில் நின்று சுட்டுவிரலால் அழுத்திப் பார்ப்பவரே பலர். சுட்டுவிரலுக்கு எல்லா ஆளியும் நல்ல ஆளியாகவே தோன்றும்.

பூட்டிய பின், வேலை முடியும் மாலைப் பொழுதில், கை களைத்திருக்கும்போதே முல்லைத்தீவு என்று ஐம்பது முறை எழுதிப் பார்க்கவேண்டும். ஐம்பதுக்கு நூறு புள்ளிகள் இருத்தல் வேண்டும். குறைந்திருந்தால் புள்ளி விசையின் வில் இன்னும் கனம். கூடியிருந்தால் மேடு போதாது. இச்சோதனையிற் கழித்த கனத்த ஆளிகளை எறியவேண்டா. அவற்றுள் ஒன்று இடைவெளிப் பட்டையின் கீழ் நன்றாகவே உழைக்கும். அங்கே அழுத்துவது பெருவிரல்.