தேங்காயும் அறிவுச் சோதனையும்



மதிப்பெண் குறைந்த பிள்ளையை 'மந்தம்' என்று நாமே சொல்லிவிடுகிறோம். 1905இல் பாரிசில் அறிவுச் சோதனையை வகுத்த ஆல்பிரட் பினே, பள்ளியில் தனித்துணை வேண்டிய குழந்தைகளைக் கண்டறியவே அதனைச் செய்தார்; பிறவியறிவை நிறுக்கும் துலாக்கோலாக அன்று.

1948இல் கிளாடு ஷானன் வேறோர் அளவையைத் தந்தார். செய்தி என்பது ஐயம் நீங்குவது. காசைச் சுண்டிப் பூவா தலையா என்று கண்டதும் நீங்கும் ஐயம் ஒரு 'பிட்'. நம் 247 எழுத்துகளும் சம அளவில் பயின்றுவருமாயின் எழுத்தொன்றுக்கு ஏறத்தாழ 8 பிட். ஆனால் அவை அவ்வாறு வருவதில்லை. 'ங்' வந்தால் அடுத்தது ககர வரிசையே என்று நாம் முன்னரே அறிவோம். ('அங்ஙனம்' போன்ற சில சொற்கள் விலக்கு.) ஆகவே உண்மையளவு குறையும். தாம்பரம் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, தமிழ் உரைநடைக்கு இக்கணக்கைச் செய்து 1963இல் வெளியிட்டார் என்பது நமக்குப் பெருமையே.

1951இல் ஷானன் ஆங்கில வாக்கியத்தை மறைத்துவைத்து, அடுத்த எழுத்து யாதென்று ஒருவரைக் கேட்டார். 102 இடங்களில் 79 இடங்களில் முதல் ஊகமே சரியாயிற்று. மொழியறிவு என்பது பெரிதும் இத்தகைய முன்னுணர்வே.

அந்த ஆட்டத்தை நம் கொல்லயிலில் ஆடிப் பார்ப்போம். 'தேங்' என்று நிறுத்துகிறோம். தமிழ் மட்டும் அறிந்த குழந்தை 'காய்' என்னும். மலையாளம் மட்டும் அறிந்தது 'ஙா' என்னும். இரண்டுக்கும் ஐயமில்லை. 1956இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றதே, அந்த எல்லையில் வளரும் நம் பிள்ளையோ சற்றுத் தயங்கும். இரு விடையும் அதற்குத் தெரியும். அவை சமமாகத் தோன்றினால் அதன் ஐயம் சரியாக ஒரு பிட். கூடுதலாக அறிந்தமையால் வந்த தயக்கத்தைக் கடிகாரம் மந்தமென்று எழுதிவிடுகிறது!

பிள்ளை, வீடு, பள்ளி, கடைத்தெரு யாவும் சேர்ந்ததே ஓர் அமைப்பு. சூழலின் பல்வகை மாற்றங்களை எதிர்கொள்ள அதற்கீடான பல்வகைத் திறன் வேண்டும் என்று ராஸ் ஆஷ்பி 1956இல் நிறுவினார். சந்தையில் ஒரு சொல்லும் அடுக்களையில் ஒரு சொல்லும் இடமறிந்து வழங்கும் திறனை எந்த வினாத்தாள் கேட்கிறது? ஊகித்தல் ஒன்றே அறிவு என்று நாம் சொல்லவில்லை. கணக்கும் கைத்திறனும் வேறு.

இன்று மாலை சிறுவர் நிகழ்ச்சியில் இவ்வாட்டத்தைச் சேர்த்திருக்கிறோம். சொற்கள் இரு மொழியிலும் உள்ளன. கடிகாரம் வைக்கவில்லை.